கோவையில் முதல் மரபு நடை: நொய்யல் கரையிலிருந்து தொடங்குங்கள்

கோயம்புத்தூரைப் பஞ்சாலை நகரம் என்றே பலரும் அறிவார்கள். 1866இல் நகராட்சி ஆனதும், 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையும், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் வரிசையாக எழுந்த ஆலைகளும் ஊரின் வளர்ச்சிக் கதையாக அடிக்கடி சொல்லப்படுவதால், அதற்கு முன் இங்கே பெரிதாக ஏதும் இருந்திருக்காது என்ற எண்ணம் உள்ளூர்க்காரர்களிடமே உண்டு. வேலைக்காகவோ படிப்புக்காகவோ புதிதாகக் குடியேறியவர்கள், பழைய இடங்களைக் குழுவாக நடந்து பார்க்கும் மரபு நடை ஒன்றில் சேரும்போதும் மணிக்கூண்டு, டவுன் ஹால், பெரிய கடை வீதி என்று நகர நடுவையே எதிர்பார்க்கிறார்கள். அவை பார்க்கத் தக்கவை என்றாலும் எல்லாமே 19ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. ஊரின் தொன்மையைத் தேடுபவர் நகர நடுவை விட்டு மேற்கே ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். நடையை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படித் தயாராவது, இடத்தில் நின்று எதைப் பார்ப்பது, வழிநடத்துபவரிடம் எதைக் கேட்பது என்பவற்றை முதல்முறை வருபவரை மனத்தில் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரைபடம்

நடைக்கு முந்தைய நாள் கைப்பேசியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, வெள்ளியங்கிரி மலையிலிருந்து கிழக்கே நொய்யலைத் தொடர்ந்து பாருங்கள். பேரூரைத் தொட்டு, கோவையின் தெற்கு ஓரமாக வளைந்து, வெள்ளலூர், சூலூர், திருப்பூர் வழியாகக் கொடுமணலைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊரருகே அது காவிரியில் கலக்கிறது. அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் தெற்கேயுள்ள இடைவெளியைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் எனப்படும் அந்த இடைவெளி ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் வரை அகன்றது. மேற்குக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்திலிருந்து சோழ நாட்டுக் கடற்கரை வரை சரக்கு கொண்டுசென்ற வணிகர்களுக்கு, மலையேறாமல் கடக்கக் கிடைத்த எளிய வாசல் அதுதான். ஆறும் கணவாயும் ஒன்றையொன்று நெருங்குகிற இடத்தில்தான் இன்றைய கோவை நிற்கிறது. இவ்விரண்டையும் மனத்தில் பதித்துக்கொண்டால், நடையில் கேட்கப்போகும் பெயர்கள் எல்லாம் தாமாகவே இடம் பிடித்துக்கொள்ளும்.

ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, வரிசை தெரிந்தால் போதும். சங்க காலத்தில் சேரரும் குறுநிலத் தலைவர்களும், 9ஆம் நூற்றாண்டில் சோழர் வருகை, 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை கொங்குச் சோழர், பின்பு போசளர் (ஹொய்சளர்), பாண்டியர், விசயநகரத்தார், மதுரை நாயக்கர், மைசூர் அரசு, 1799 முதல் கிழக்கிந்தியக் கம்பெனி. இதை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நடையில் சேருவது

அறிவிப்பைப் பார்த்தவுடன் பணம் கட்டிவிடாமல் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போகும் இடங்கள் எவை, நடத்துபவர் எதில் பழகியவர், குழுவில் எத்தனை பேர், கோயில் நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறார்களா என்பவை முக்கியம். மூன்று மணி நேரத்தில் எட்டு இடங்கள் என்று அறிவிக்கும் நடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் பாதி நேரம் வேனில் கழியும், மீதி நேரம் நிழற்படம் எடுப்பதில் போகும். இரண்டு இடங்களை மட்டும் நிதானமாகக் காட்டும் நடை நல்லது. குழு இருபது பேரைத் தாண்டினால் பின்வரிசையில் நிற்பவர்களுக்குக் கல்வெட்டும் தெரியாது, பேச்சும் கேட்காது.

வழிநடத்துபவர்களில் கதை சொல்வதில் வல்லவர்களும் உண்டு, கல்வெட்டு வாசிக்கப் பயின்றவர்களும் உண்டு. இருவரிடமும் கற்றுக்கொள்ளலாம், ஆனால் முதல் நடைக்குக் கல்வெட்டு வாசிப்பவரைத் தேடிப் பிடியுங்கள். கதையைப் பிறகு எவரிடமும் கேட்டுக்கொள்ளலாம். தேய்ந்த எழுத்தின் மேல் விரல் வைத்துக் காட்டுகிறவர் கிடைப்பது அரிது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காலநிலை நடைக்கு ஏற்றது. ஆற்றில் நீர் ஓடுவதைக் காண விரும்பினால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வரலாம். மலையில் மழை பெய்தால் பேரூர்ப் படித்துறையில் அது தெரிந்துவிடும். மார்ச்சுக்குப் பிறகு காலை ஒன்பது மணிக்கே கருங்கல் தரை சுடத் தொடங்கிவிடும் என்பதால் எந்த மாதமானாலும் விடிந்தவுடன் தொடங்குவதே உத்தமம். கோயில் நடை நண்பகலில் சாத்தப்பட்டு மாலையில்தான் மீண்டும் திறக்கும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

தண்ணீர், தொப்பி, எளிதில் கழற்றக்கூடிய செருப்பு, அதை வைத்துக்கொள்ள ஒரு துணிப்பை, சிறு டார்ச், குறிப்பேடு ஆகியவை போதும். உடை கோயிலுக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் பொருந்துவதாக இருக்கட்டும்.

பேரூரில் எங்கே நிற்பது

காந்திபுரத்திலிருந்தும் உக்கடத்திலிருந்தும் பேரூருக்கு நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. பேரூரில் இறங்கியதும் பெரும்பாலோர் நேராகப் பட்டீசுவரர் கோயிலுக்குள் நுழைந்துவிடுவார்கள். நீங்கள் முதலில் படித்துறைக்குப் போங்கள். முன்னோர்க்குச் சடங்கு செய்ய வருபவர்களும் ஆடிப்பெருக்குக்குக் கூடுபவர்களும் இன்றும் இறங்குகிற அந்தக் கரைதான் ஊர் இங்கே அமைந்ததற்குக் காரணம். சுந்தரர் தில்லையைப் பாடிய பதிகத்தில் மேலைக் கொங்கில் காஞ்சியாற்றின் கரையிலுள்ள பேரூர்ப் பெருமானைக் குறிப்பிடுகிறார். காஞ்சி என்பது நொய்யலின் பழைய பெயர். ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டில் பாடிய ஒருவர், கோவை என்ற பெயரே வராமல், ஆற்றையும் பேரூரையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார் என்பதை அந்தக் கரையில் நின்று நினைத்துப் பாருங்கள்.

கோயிலுக்குள் வந்தால், இதைக் கரிகாலன் கட்டினான் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அது வழிவழியாக வரும் செய்தி. இன்று கண்ணுக்குத் தெரியும் கட்டடம் சோழர், கொங்குச் சோழர், நாயக்கர் என்று பல காலங்களில் சேர்ந்து வளர்ந்தது. கருவறை, அர்த்த மண்டபப் பகுதியையும் முன்னுள்ள நடராசர் மண்டபமான கனகசபையையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே இது விளங்கும். உட்பகுதியின் தூண்கள் எளியவை, சுவர்களில் அலங்காரம் அளவானது. கனகசபையோ, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் உடன்பிறந்தவரான அழகாத்திரி நாயக்கர் எடுப்பித்தது. ஆளைவிட உயர்ந்த சிற்பங்கள் தூணைவிட்டு வெளியே பாய்வதுபோல் நிற்கின்றன. யானையை உரித்துப் போர்த்த சிவன், ஊர்த்துவ தாண்டவர், ஆலங்காட்டுக் காளி, வீரபத்திரர், பிட்சாடனர் என ஒவ்வொன்றும் தனியே நின்று பார்க்க வேண்டியவை.

இங்கே அவசரப்படாதீர்கள். யானையுரித்தவரிடம் மட்டும் பத்து நிமிடம் செலவிடலாம். யானையின் தோல் அவருடைய தலைக்குப் பின்னால் விரிந்திருக்கும் விதத்தையும், அதன் தலை கீழே மிதிபட்டுக் கிடப்பதையும், பக்கவாட்டில் நகர நகர உருவம் மாறித் தெரிவதையும் கவனியுங்கள். பிறகு விதானத்தை அண்ணாந்து பார்த்தால் ஒரே கல்லில் குடைந்தெடுத்த சங்கிலிகள் தொங்கும். குழுவில் வருபவர்கள் பொதுவாக இந்தச் சங்கிலியைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சிற்பியின் கைத்திறனுக்கு அது நல்ல சான்று என்றாலும், வரலாறு பார்க்க வந்தவருக்குச் சோறு போடுவது கல்வெட்டுகள் இருக்கும் அடித்தளச் சுவர்.

பேரூரின் பழைமை கோயிலோடு நிற்பதன்று. மாநிலத் தொல்லியல் துறை இவ்வூரில் அகழாய்வு நடத்தியிருக்கிறது. அரசு அருங்காட்சியகத்துக்கும் பின்னொரு நாள் போய்வாருங்கள்.

கல்வெட்டை அணுகும் முறை

கோயில் சுவரின் அடிப்பகுதியில் உருண்டு தெரியும் வரி குமுதம் எனப்படும். அதற்குக் கீழே உள்ள தட்டையான வரி ஜகதி. இவ்விரண்டிலும் இவற்றுக்கு மேலுள்ள சுவரிலும்தான் பெரும்பாலான கல்வெட்டுகள் இருக்கும். முதலில் எதுவும் புரியாது, அதற்காகத் தயங்க வேண்டாம். சொற்களுக்கு இடையே இடைவெளி இருக்காது. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படாது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் எழுத்தில் வேறுபடா. பழைய கொங்குக் கல்வெட்டுகளில், வளைந்த வடிவுள்ள பழைய எழுத்தான வட்டெழுத்தும் வரும், அது பயிற்சி இல்லாமல் பிடிபடாது. தமிழ் எழுத்தில் உள்ள 12, 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றைக் காட்டச் சொல்லி அதில் தொடங்குங்கள்.

வாசிப்பதற்கு ஒரு சட்டகம் உண்டு. ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்கும். அடுத்து அரசன் பெயர், பிறகு அவனது ஆட்சியாண்டு, ‘யாண்டு’ என்ற சொல்லோடு வரும். அதன்பின் நாடு, ஊர், கொடையாளி, கொடுத்த பொருள் ஆகியவை வரும். அது விளக்கெரிக்கப் பொன்னாகவோ காசாகவோ, இறைவனுக்குப் படைக்கும் அமுதுபடிக்கு நிலமாகவோ இருக்கலாம். ‘சந்திராதித்தவரை’ என்று வந்தால் நிலவும் கதிரும் உள்ளவரை இக்கொடை நடக்க வேண்டும் என்று பொருள். முடிவில் ‘பன்மாகேசுவரர் ரட்சை’ என்று சிவனடியார் கூட்டத்தின் காவலில் விடப்படும். இந்தச் சில சொற்களை மட்டும் தேடிக் கண்டுபிடிப்பதை முதல் நாள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட வரியில் ‘யாண்டு’ கண்ணில் பட்டுவிட்டால் அதற்கு முன்னும் பின்னும் இருப்பவற்றை ஊகிப்பது எளிதாகிவிடும்.

கொங்கு நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொங்குச் சோழர்கள், தஞ்சைச் சோழப் பேரரசர்கள் தாங்கிய வீரராசேந்திரன், குலோத்துங்கன், விக்கிரம சோழன் போன்ற பெயர்களையே தாங்களும் சூடிக்கொண்டார்கள். ஆகவே ஒரு சுவரில் வீரராசேந்திரன் என்று கண்டவுடன் கங்கைகொண்ட சோழன் மரபில் வந்த பேரரசன் என்று முடிவு கட்டினால் கணக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிசகிவிடும். வழிநடத்துபவரிடம், ‘இவர் எந்த வீரராசேந்திரருங்க, எதைக்கொண்டு சொல்றீங்க?’ என்று கேளுங்கள். கல்வெட்டில் பழகியவர் எழுத்தின் அமைப்பையும் உடன் வரும் செய்திகளையும் காட்டி விளக்குவார்; அவர் முகம் மலர்வதையும் பார்ப்பீர்கள்.

எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமானால் டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். காலை இளவெயில் சாய்வாக விழும் சுவரில் டார்ச்சே தேவைப்படாது. சுண்ணாம்புக் கட்டி, மாவு, எண்ணெய் ஆகிய எதையும் எழுத்தின்மேல் தேய்க்கக் கூடாது. ஈரத் தாளை ஒட்டித் தட்டி, மை ஒற்றிப் படியெடுப்பது முறையான அனுமதியோடு பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. திருப்பணி என்ற பெயரில் மணல் வீசித் தூய்மை செய்யப்பட்ட சுவர்களில் எழுத்துகள் மழுங்கிக் கிடப்பதைப் பல கோயில்களில் காணலாம். ஒருமுறை மழுங்கியதை எவராலும் மீட்க முடியாது, அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன். கருவறைப் பகுதியில் படமெடுக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் கேட்டுவிட்டே எடுங்கள்.

ஆற்றிலிருந்து கோட்டைமேட்டுக்கு

பேரூர்ச் சாலை வழியே நகருக்குத் திரும்பும்போது குளங்களைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். நொய்யலின் குறுக்கே தடுப்பணை கட்டி, வாய்க்கால் வெட்டி, ஒரு குளம் நிறைந்தபின் அடுத்ததற்கு நீர் போகும்படி அமைத்த ஏற்பாட்டின் எச்சங்கள்தாம் இன்று நகருக்குள் கிடக்கும் இந்த நீர்நிலைகள். ஆற்றில் அணை கட்டுவது பற்றிய செய்திகள் பேரூர்க் கல்வெட்டுகளிலேயே வருகின்றன. உக்கடம் பெரியகுளத்தின் கரையில் இப்போது நடைபாதையும் இருக்கைகளும் போட்டிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து காபி குடிப்பதில் தவறில்லை. ஆனால் எழுந்து நீரைத் திறந்துவிடும் மதகையும் மிகுநீர் வழியும் கலங்கலையும் தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கோவன் என்ற இருளர் தலைவன் காட்டைத் திருத்தி ஊர் அமைத்து, கோனியம்மனை வைத்து வணங்கினான் என்ற கதையை நகருக்குள் நுழைந்ததும் கேட்பீர்கள். கதையாக அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கல்வெட்டுகளில் கோவன்புத்தூர் என்ற பெயரும், வீரகேரளநல்லூர் என்ற மறுபெயரும் வருகின்றன என்பதைச் சான்றாகத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் ‘சொன்னது’, எதிர்ப்பக்கத்தில் ‘கண்டது’ என்று பிரித்து எழுதும் பழக்கம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கும்.

கோட்டைமேட்டில் கோட்டையைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆங்கிலேயருக்கும் மைசூருக்கும் இடையே 1768, 1783, 1790 ஆகிய ஆண்டுகளில் கைமாறி, 1791இல் திப்புவின் தளபதி கமருதீன் கான் முற்றுகையிட்டு மீட்ட அந்தக் கோட்டை, அக்காலப் போர்களில் சிதைந்து இடிக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பவை மேடும், தெருக்களின் போக்கும், கோட்டை ஈசுவரன் என்று வழங்கும் சங்கமேசுவரர் கோயிலும், கரிவரதராசப் பெருமாள் கோயிலும், பள்ளிவாசல்களும்தான். 1800 ஜூனில் கம்பெனிப் படையை வெளியேற்றப் பாளையக்காரர்கள் இங்கே திடீர்த் தாக்குதல் நடத்தித் தோற்றதும், அதற்குப் பின் பலர் தூக்கிலிடப்பட்டதும் இந்த மண்ணோடு சேர்ந்த செய்திகள். இது வீடுகள் நெருங்கிய பகுதி என்பதை மறக்க வேண்டாம். வாசலில் நிற்பவர்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள், தொழுகை நேரத்தில் கூட்டமாக வழியை மறிக்காதீர்கள். தெருவில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் ‘ஏனுங்கய்யா, பழைய அகழி எந்தப் பக்கமுங்க இருந்துச்சு?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வது சான்றாகுமா என்பது வேறு விஷயம், ஆனால் அதன்பின் நீங்கள் அந்தத் தெருவைப் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

தனியே போகக் கூடாத இடம்

சுண்டக்காமுத்தூரை அடுத்த குன்றுப் பகுதியில் ‘ராசகேசரிப் பெருவழி’ என்று பாறையில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. கணவாயை நோக்கிச் சென்ற பழைய வணிகச் சாலைக்கு அரசன் பெயரைச் சூட்டி, வாழ்த்தாக வெண்பா ஒன்றையும் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பாடல் தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் கொங்கை வென்ற முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்று இதைக் கொள்கிறார்கள். இரண்டு எழுத்து முறைகளில் ஒரே செய்தி ஏன் தேவைப்பட்டது என்று யோசித்தால், அந்தச் சாலையில் கணவாயின் இரு பக்கத்து மக்களும் நடமாடியது புலப்படும். என் கணக்கில், கோவையின் பழைமைக்கு இதைவிட நேரடியான சான்று இல்லை. ஆனால் அது காட்டை ஒட்டிய இடம், யானைகள் வந்துபோகும் பகுதி. வனத்துறையிடம் கேட்டு, வழி தெரிந்தவர்களோடு, பகலில் மட்டுமே போக வேண்டும். முதல் நடையில் இதைச் சேர்க்க வேண்டாம்.

அடுத்தடுத்த நடைகள்

ஆற்றின் போக்கிலேயே கிழக்கே நகருங்கள். வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய ரோமப் பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. காசுகள் இப்போது அங்கே இல்லை. ஊரும் தேனீசுவரர் கோயிலும் இருக்கின்றன. அங்கிருந்து வெகுதூரம் கிழக்கே, ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கு அருகே நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இதுவே என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். 1980கள் முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், பச்சைக்கல் (பெரில்), சூதுபவளம், படிகம் ஆகியவற்றில் மணி செய்த பட்டறைகளின் தடயங்களும், தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் ஆட்பெயர் கீறிய நூற்றுக்கணக்கான பானையோடுகளும், பக்கக் கல்லில் இடுதுளை கொண்ட கற்பதுக்கைகள் எனப்படும் பழைய ஈமச் சின்னங்களும் வெளிப்பட்டன. பச்சைக்கல் காங்கயத்தை அடுத்த படியூர்ப் பக்கத்தில் கிடைத்தது என்பதால் மூலப்பொருள், பட்டறை, சாலை மூன்றும் ஒரே வட்டாரத்துக்குள் அமைந்திருந்தன.

கொடுமணலில் அகழ்ந்த குழிகளை மூடிவிடுவார்கள் என்பதால் பெரும்பாலும் வயலையும் மேட்டையும்தான் காண்பீர்கள். உழுத மண்ணில் கருப்பு சிவப்புப் பானையோடுகள் காலில் தட்டுப்படும். உட்புறம் கறுத்தும் வெளிப்புறம் சிவந்தும், வாய்விளிம்பு மட்டும் கறுத்தும் இருக்கும் ஓட்டைக் குனிந்து பாருங்கள், படமெடுங்கள், எடுத்துப் பையில் போடாதீர்கள். இடம் மாறிய ஓடு ஆய்வாளருக்குப் பயன்படாது. நிலம் பெரும்பாலும் தனியார் பட்டா என்பதால் உடையவரிடம் கேட்டுவிட்டே வரப்பில் இறங்க வேண்டும். எழுத்துக் கீறிய ஓடோ, காசோ, மணியோ கண்ணில் பட்டால் கிடந்த இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தெரிவியுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிப்பது கண்டெடுத்தவரின் கடமை.